வரவேற்பறைக்கு ஒரு கேமிங் பிசி: பதினெட்டு மாதக் கணக்கு

பின்னணி

டிவியில் விளையாட கேம் கன்சோல் வாங்குவதா, அதே காசுக்கு பிசி கட்டுவதா? 2024 மே மாதம் என் அக்கா வீட்டில் எழுந்த கேள்வி இது. சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அக்கா, அத்தான், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த பையன், ஐந்தாம் வகுப்புக்குப் போகும் பெண். ஹாலில் 43 அங்குல 4கே டிவி, அதன் கீழே கதவு வைத்த மர அலமாரி. பையனுக்கு சோனியின் பிஎஸ்5 கேம் கன்சோல் வாங்கித் தருவதாக அத்தான் சொல்லியிருந்தார். டிஸ்க் போடும் ஸ்லிம் மாடலின் அப்போதைய விலை ரூ. 54,990. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டு ஆட்டம் கால்பந்து ஆட வேண்டும் என்று அவருக்கும் ஆசை.

வாங்கப் போவதற்கு முந்தின வாரம் அவர் என்னை அழைத்தார். "மாப்ள, அதே காசுக்கு பிசியே கட்டலாம்னு சொல்றாங்களே, நிஜமா? அப்படின்னா படிப்புக்கும் ஆகுமே."

நான் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுப்பவன். தொழில் அல்ல, பல வருடப் பழக்கம். இந்த ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதை ரசீதுகளோடு எழுதி வைத்திருந்தேன். அதே கட்டடத்தின் மேல்தளத்தில் இன்னொரு குடும்பம் ஏறக்குறைய அதே வாரத்தில் பிஎஸ்5 வாங்கியது. அவர்களும் தங்கள் செலவைச் சொல்ல ஒப்புக்கொண்டதால், ஒப்பிட ஒரு கன்சோல் கணக்கும் கிடைத்தது.

முதல் கணக்கு

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் அரை நாள் அலைந்து, மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கினேன். குறைந்தது இப்படி வந்தது: ரைசன் 5 5600 பிராசசர் 11,400, பி450 மதர்போர்டு 6,300, 16 ஜிபி டிடிஆர்4 ராம் 3,300, ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு 20,500, சேமிப்புக்கு ஒரு டிபி எஸ்எஸ்டி 5,600, மின்சாரம் தரும் 550 வாட் எஸ்எம்பிஎஸ் 3,900, சின்ன கேபினட் 3,600. மொத்தம் ரூ. 54,600. பிஎஸ்5 விலையை விட 390 ரூபாய் குறைவு. அந்தத் தாளைப் பார்த்தவுடன் அத்தான் சந்தோஷப்பட்டார். நானும்தான்.

அந்தத் தாளில் இரண்டு விஷயம் தெரியவில்லை. முதலாவது, இது பிஎஸ்5-க்குச் சமமான மெஷின் அல்ல. பிஎஸ்5-இன் கிராஃபிக்ஸ் பகுதியில் படத்தைக் கணக்கிடும் கம்ப்யூட் யூனிட் 36; ஆர்எக்ஸ் 6600-இல் 28. பிராசசர் ஒரு தலைமுறை புதியது என்றாலும் ஆறு கோர்தான், பிஎஸ்5-இல் எட்டு. கன்சோலில் 16 ஜிபி வேகமான கிராஃபிக்ஸ் நினைவகத்தை எல்லாம் பகிர்ந்துகொள்ளும்; நம் கார்டில் தனியாக எட்டு ஜிபி மட்டும். சமமான கார்டு போட்டிருந்தால் குறைந்தது இன்னும் எட்டாயிரம் ஆகியிருக்கும்.

இரண்டாவது, வரி. அப்போது கேம் கன்சோலுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், கம்ப்யூட்டர் பாகங்களுக்கு 18. வரியை எடுத்துவிட்டுப் பார்த்தால் பிஎஸ்5 சுமார் 42,960 ரூபாய், நம் பிசி சுமார் 46,270. அதாவது வரியில் பத்து சதவீதம் சலுகை இருந்தும், ஒரு படி குறைந்த மெஷினை அதே விலைக்குத்தான் கட்ட முடிந்தது.

காரணம் எளிமையானது. சோனி ஒரே சிப்பை, ஒரே போர்டை, ஒரே பெட்டியை லட்சக்கணக்கில் செய்கிறது. நான் வாங்கிய ஏழு பாகங்களுக்கும் தனித்தனி அட்டைப்பெட்டி, தனித்தனி விநியோகஸ்தர், தனித்தனி லாபம். அதோடு கன்சோல்காரர் பெட்டியில் சம்பாதிக்காவிட்டாலும் விளையாட்டு விற்பனையிலும் சந்தாவிலும் எடுத்துக்கொள்ளலாம். 499 டாலர் பிஎஸ்5 இனி நஷ்டத்தில் விற்கப்படவில்லை என்று சோனி சொன்னதே 2021 ஆகஸ்டில்தான். வெளிவந்து ஒன்பது மாதம் கழித்து. ராம் விற்பவருக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

இதே சுவரில் பெரிய கம்பெனிகளே முட்டியிருக்கின்றன. 2015 நவம்பரில், ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் மெஷின்கள் ஹாலுக்கான பிசி என்றே விற்பனைக்கு வந்தன. அவற்றில் ஏலியன்வேர் என்ற பிராண்ட் செய்ததன் ஆரம்ப விலை 449 டாலர். பிஎஸ்4 அப்போது அமெரிக்காவில் 349 டாலருக்கு இறங்கியிருந்தது. ஸ்டீம் மெஷின்கள் நிலைக்கவில்லை.

எடுத்த முடிவு

இவ்வளவு தெரிந்தும் பிசி கட்டவே பரிந்துரைத்தேன். அதற்கு மூன்று காரணம் சொன்னேன். பையன் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுக்கிறான். எப்படியும் ஒரு லேப்டாப் வாங்க வேண்டும், அதற்கு 36,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். ஆன்லைனில் ஆட பிசியில் சந்தா இல்லை. ஸ்டீமில் தள்ளுபடி அடிக்கடி வரும், எபிக் என்ற இன்னொரு இணையக் கடையில் வாரந்தோறும் இலவச விளையாட்டும் உண்டு.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "டேய், ஒரே பட்டன அழுத்தினா வந்துடுமா? இல்ல ஒவ்வொரு தடவையும் பையனக் கூப்பிடணுமா?" கன்ட்ரோலரிலேயே எல்லாம் செய்யலாம் என்று பதில் சொன்னேன். சோதித்துப் பார்த்துச் சொன்ன பதில் அல்ல அது. இந்த நிகழ்வில் மிக முக்கியமான கேள்வி அதுதான் என்று பின்னால் தெரிந்தது.

விண்டோஸ் விஷயத்தில் ஒரு கடையில், "கீ வேணும்னா 600 ரூபாய்க்குப் போட்டுத் தரேன் சார்" என்றார்கள். அப்படி விற்கும் கீ, அதாவது விண்டோஸின் உரிம எண், எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதை வைக்க மனமில்லை. பதிலாக பாஸைட் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். இலவசம், திறந்தவுடன் ஸ்டீம் திரை முழுவதுமாக வரும், பார்க்கக் கன்சோல் மாதிரியே இருக்கும். பட்ஜெட்டைக் காப்பாற்றியது அந்த முடிவுதான். ஐந்து மாதம் கழித்து உடைந்ததும் அதே முடிவுதான்.

முதல் மாதங்கள்

ஜூன் முதல் வாரம் மெஷின் ஹாலுக்கு வந்தது. அன்றைக்கே செலவு தொடங்கியது. கன்ட்ரோலர் 5,400. விலை குறைவென்று எடுத்த மதர்போர்டில் வைஃபையும் புளூடூத்தும் இல்லை. தனிக் கார்டு 2,100. சோஃபாவில் வைத்துத் தட்ட டச்பேட் உள்ள கம்பியில்லா கீபோர்டு 2,300. பிஎஸ்5 பெட்டியில் கன்ட்ரோலர், வைஃபை, புளூடூத் மூன்றும் 54,990-க்குள்ளேயே அடக்கம். கொட்டேஷனில் நான் எழுதாமல் விட்டவை இவை. எனக்குத் தெரியாதவை அல்ல. பாகங்களை மட்டும் கூட்டிய பழக்கத்தில் விடுபட்டவை.

படம் நன்றாக இருந்தது. 1080பி என்ற குறைந்த தெளிவில் ஓட்டி 4கே-க்குப் பெரிதாக்கிக் காட்டினாலும், எட்டடி தள்ளி சோஃபாவிலிருந்து 43 அங்குலத் திரையைப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மேல்வீட்டுப் பையன் வந்து உட்கார்ந்து ஆடிவிட்டு, "எங்க வீட்ல இருக்கிற மாதிரியேதான் இருக்கு" என்றான். கார்டு சின்னது என்ற என் கவலை அந்த வீட்டில் பெரிதாக எழவே இல்லை.

ஜூலையில் வேறு சிக்கல். அரை மணி நேரம் ஆடினால் விசிறி இரைச்சல் டிவி சத்தத்தை மீறியது. போய்ப் பார்த்தேன். அலமாரிக் கதவு மூடியிருந்தது. திறந்தபோது இட்லிப் பானை மூடியைத் தூக்கியது போல முகத்தில் சூடு அடித்தது. உள்பலகையில் கை வைக்க முடியவில்லை. கார்டின் வெப்பம் 84 டிகிரி. கதவைத் திறந்து வைத்தால் சரியாகும், ஆனால் சின்னப் பெண் அங்கே கை விடுகிறாள் என்று அக்கா மூடி மூடி வைத்திருக்கிறாள். அவள் செய்ததில் தவறு இல்லை.

தெருமுனைத் தச்சரைக் கூப்பிட்டோம். அவர் அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பலகையில் பென்சிலால் கோடு போட்டு, ஒன்றரை அடிக்கு ஓரடி நீள்சதுரமாக வெட்டி எடுத்தார். மரத்தூளைத் துடைத்துவிட்டு விளிம்பில் பீடிங் ஒட்டினார். மொத்தம் 900 ரூபாய். அதற்கப்புறம் கதவு மூடியிருந்தாலும் 73 டிகிரியைத் தாண்டவில்லை.

மின்சாரத்தையும் பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஆடும்போது நம் பிசி 210 முதல் 230 வாட், மேல்வீட்டு பிஎஸ்5 200 வாட்டை ஒட்டி. கணக்கில் சேர்க்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

விண்டோஸுக்குத் திரும்பியது

அக்டோபரில் பையன் போன் செய்தான். "மாமா, பசங்க எல்லாம் எஃப்சி 25 வாங்கிட்டாங்க. நம்மளும் ஸ்டீம்ல வாங்கலாம்ல?"

அந்தக் கால்பந்து விளையாட்டை வாங்கலாம், ஆனால் லினக்ஸில் ஓடாது. அந்த விளையாட்டோடு வரும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் வேலை செய்யும். இப்படித் தடுக்கப்பட்ட ஆன்லைன் விளையாட்டுகள் பல உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் மே மாதம் நான் பையனிடம், "என்ன விளையாட்டு ஆடப் போற, யாரோட ஆடப் போற?" என்று கேட்கவே இல்லை. அவன் நண்பர்கள் எல்லாரும் கால்பந்து. அவனுக்கு அந்த ஒன்று இல்லையென்றால் மற்ற பத்து இருந்தும் பயனில்லை.

நவம்பரில் விண்டோஸ் 11 ஹோம் 8,900 ரூபாய்க்கு வாங்கினோம். எஃப்சி 25 அந்த மாதத் தள்ளுபடியில் பாதி விலைக்குக் கிடைத்தது. ஆக, மெஷினுக்கு மட்டும் ரூ. 74,200. முதல் தாளில் 390 ரூபாய் குறைவாக இருந்த பிசி, இப்போது பிஎஸ்5-ஐ விட 19,210 ரூபாய் கூடுதல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

2025 பிப்ரவரியில் நான் அங்கே சாப்பிடப் போயிருந்தேன். மணி மூன்று. அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கன்ட்ரோலரோடு உட்கார்ந்தார். நடு பட்டனை அழுத்தினார், பிசி எழவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்து சுவிட்சைப் போட்டார். டிவி தானாக மாறாது. ரிமோட்டைத் தேடி எச்டிஎம்ஐ 2-க்கு மாற்றினார். நீலத் திரையில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு நிமிடம். அப்புறம் பின் நம்பர் கேட்டது. கன்ட்ரோலரில் அதை அடிக்க முடியாது. கீபோர்டு பையன் அறையில் இருந்தது, எடுத்து வந்தால் பேட்டரி தீர்ந்திருந்தது. டியூஷன் போன பையன் வர இன்னும் ஒரு மணி நேரம். சின்னப் பெண் அதற்குள் சோஃபாவிலேயே தூங்கிவிட்டாள்.

அத்தான் கோபப்படவில்லை. கன்ட்ரோலரை டீப்பாய் மேல் வைத்துவிட்டு, "பரவால்ல மாப்ள, அப்புறம் பாத்துக்கலாம்" என்று கிரிக்கெட் வைத்தார். இது அவருக்குப் பல ஞாயிறாக நடந்திருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. அந்த மெஷினை வாங்கிய காரணத்தில் பாதி அந்த ஒரு மணி நேரம்தான்.

அன்று மாலையே உட்கார்ந்து சரிசெய்தேன். பின் நம்பர் கேட்காமல் நேராகத் திறக்கும்படி தனிக் கணக்கு. திறந்ததும் ஸ்டீமின் பெரிய திரைப் பயன்முறை. அப்டேட் நேரம் நள்ளிரவுக்கு. கீபோர்டுக்கு சார்ஜ் ஏற்றும் பேட்டரி. இதனால் ஆறு படி மூன்றானது. ஆனாலும் அந்தக் கார்டின் புளூடூத் வழியே கன்ட்ரோலரை அழுத்தி மெஷினை எழுப்ப முடியவில்லை. டிவியை மாற்றுவதும் கையால்தான்: கன்சோல்கள் எச்டிஎம்ஐ கம்பி வழியே டிவியை எழுப்பும் சிஇசி வசதி இந்த கிராஃபிக்ஸ் கார்டில் கிடையாது. மேல்வீட்டில் ஒரு பட்டன் அழுத்தினால் டிவியும் கன்சோலும் சேர்ந்து எழும். அக்கா கேட்டது அதைத்தான்.

இடம் மாறியது

பதினொன்றாம் வகுப்பில் பையன் சி++ எழுதியதெல்லாம் அந்த ஹால் டிவியில்தான். எட்டடி தூரத்தில் எழுத்து தெரியாது; எழுத்தைப் பெரிதாக்கினால் திரையில் பத்து வரிதான் நிற்கும். அவன் டிவிக்கு இரண்டடி முன்னால் தரையில் சம்மணமிட்டு, மடியில் கீபோர்டை வைத்து நிமிர்ந்து பார்த்து எழுதுவான். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் டிவி பார்க்க முடியாது.

2025 ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியது. பாடத்தில் பைத்தான் வந்தது. 8,500 ரூபாய்க்கு 24 அங்குல மானிட்டர் வாங்கி, பிசியை அவன் மேஜைக்கு மாற்றினோம். அந்த மாற்றத்தை யாரும் பெரிய முடிவாக எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பையன் கேட்டான், மதியத்துக்குள் முடிந்தது. ஹாலில் ஆட வேண்டுமென்றால் டிவியில் ஸ்டீம் லிங்க் ஆப் போட்டு, அறையில் இருக்கும் பிசியிலிருந்து படத்தை வரவழைக்கிறார்கள். வைஃபையில் முதலில் திக்கியது; சுவரோரமாக லேன் ஒயர் இழுத்த பின் ஓடுகிறது. கால்பந்துக்குப் போதும். கொஞ்சம் தாமதம் இருப்பதாகப் பையன் சொல்கிறான், அத்தானுக்குத் தெரியவில்லை.

பதினெட்டு மாத முடிவில்

2025 நவம்பரில் இரண்டு வீட்டு ரசீதையும் கூட்டினேன்.

மேல்வீடு: கன்சோல் 54,990, இரண்டாவது கன்ட்ரோலர் 5,990, ஆன்லைனில் ஆடத் தேவையான பிஎஸ் பிளஸ் அடிப்படைச் சந்தா ஆண்டுக்கு 3,949 வீதம் இரண்டு முறை 7,898. விளையாட்டுக்கு நிகரச் செலவு 6,400 மட்டும். நான் எதிர்பார்த்ததில் பாதி கூட இல்லை. அவர்கள் ஆறு டிஸ்க் வாங்கி, ஆடி முடித்த நான்கை விற்றுவிட்டார்கள். கன்சோல் விளையாட்டு விலை அதிகம் என்று நாம் சொல்லும்போது இந்த மறுவிற்பனையை மறந்துவிடுகிறோம். ஸ்டீமில் வாங்கியதை யாருக்கும் விற்க முடியாது. மொத்தம் ரூ. 75,278.

அக்கா வீடு: மெஷின் 74,200, இரண்டாவது கன்ட்ரோலர் 5,400, பதினான்கு விளையாட்டுக்கு 7,250. மொத்தம் ரூ. 86,850. இலவசமாக வந்தவை தனி. அவற்றில் பெரும்பாலானவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

விளையாட மட்டும் என்று பார்த்தால் பதினெட்டு மாதம் கழித்தும் பிசி 11,572 ரூபாய் பின்தங்கி நிற்கிறது. சந்தா மிச்சத்தை மட்டும் வைத்து அதை ஈடுகட்ட இன்னும் சுமார் மூன்று வருடம் ஆகும். மானிட்டரைச் சேர்த்து, வாங்காமல் விட்ட 36,000 ரூபாய் லேப்டாப்பைக் கழித்தால் அக்கா வீட்டுச் செலவு ரூ. 59,350, அப்போது பிசி தெளிவாக முந்துகிறது. இரண்டு கணக்கும் உண்மைதான். ஆனால் இரண்டாவது கணக்கில் ஜெயித்தது மேஜை மேல் இருக்கும் பிசி. ஹாலில் டிவிக்குக் கீழே இருந்தவரை அது விலையிலும் ஜெயிக்கவில்லை, வசதியிலும் ஜெயிக்கவில்லை.

மறுபடி செய்வதானால்

முதல் தாளிலேயே விண்டோஸ், கன்ட்ரோலர், வைஃபை, கீபோர்டு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுவேன். அப்படிக் கூட்டியிருந்தால் மே மாதமே 73,300 என்று வந்திருக்கும், அத்தான் வேறு முடிவு எடுத்திருக்கலாம். அந்த வாய்ப்பை அவருக்கு நான் தரவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வைஃபை உள்ள மதர்போர்டு எடுப்பேன். அலமாரியை முதலில் பார்ப்பேன். என்ன ஆடுவார்கள் என்று பிள்ளைகளிடமும், யார் ஆன் செய்வார்கள் என்று பெரியவர்களிடமும் கேட்பேன்.

ஹாலுக்கு மட்டும், விளையாட மட்டும் என்று யாராவது கேட்டால் இப்போது கன்சோல் வாங்கச் சொல்கிறேன். வீட்டில் எப்படியும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றால் அதை மேஜைக்குக் கட்டி, டிவிக்கு ஒயர் இழுக்கச் சொல்கிறேன்.

பழைய செல்போன் கடையில் கிடைக்கும் பயன்படுத்திய எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கன்சோல் பற்றி அத்தான் இப்போது விசாரிக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்காக. வால்வ் 2025 நவம்பரில் அறிவித்த புது ஸ்டீம் மெஷினுக்குக் காத்திருக்கலாமா என்றும் பையன் கேட்டான். விலை தெரியாத பொருளுக்குக் கணக்குப் போட முடியாது என்றேன். ஏஐ சர்வர்களுக்குப் போகும் தேவையால் 2025 கடைசியில் ராம் விலை ஏறிக்கொண்டே இருந்தது. அவன் மெஷினுக்கு இன்னொரு 16 ஜிபி போடலாம் என்று ரிச்சி தெருவுக்குப் போனால், 2024-இல் 3,300 ரூபாய்க்கு வாங்கிய அதே ராம் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. வாங்காமல் திரும்பி வந்தோம்.